பஸால் விடுகிற இரண்டு விரல் இடம்

பஸால் தேசிக்காயைப் பாறையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டிக்கொண்டிருந்தார். ஹப்புத்தளைக்கு மேலே, தேயிலை முடிந்து புல் தொடங்குகிற முகட்டில் எங்கள் கூடாரம். எங்கள் ஊர்ப்பக்கம், கல்முனையில், விசிறிக்கு அடியிலும் வியர்க்கிற மாதம் அது; மலையிலோ எனக்குப் பல் அடித்துக்கொண்டது. “குளிர்ல இறுகிப் போயிரிக்கி மச்சான். கொஞ்சம் கெஞ்சினாத்தான் சாறு விடும்” என்றார்.

ஊரில் அவர் ஃபிரிட்ஜ் மோட்டார் திருத்துபவர். மலை ஏறினால் எங்களுக்குக் கொக்டெயில் கலப்பவர். சீனி போட்ட பிளேன்டியை, அதாவது பால் விடாத தேநீரை, போத்தலில் ஊற்றி ஓடைத் தண்ணீரில் கிடத்துவார். அது குளிர்ந்ததும் புளிப்புக்குத் தேசிக்காய்ச் சாறு, இஞ்சிப் பாணி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் குலுக்குவார். காதோரம் வைத்துத்தான் குலுக்குவார். மோட்டார் சத்தம் கேட்டுப் பழகிய காது. பிறகு கோப்பைகளில் ஊற்றி, எங்கள் கோப்பைகளில் மட்டும் மேலே இரண்டு விரல் இடம் விடுவார். அது சாராயத்துக்கு. “மிச்சம் உங்கட பாடு” என்று தள்ளிவைப்பார். சாராயப் போத்தலைச் சுமப்பதும் திறப்பதும் நாங்கள்தான். அவர் அதை ஒருநாளும் தொட்டதில்லை.

அவர் மனைவி றஸ்னாவுக்கு இதில் உடன்பாடில்லை. “இடம் விட்டுக் குடுக்கிறதும் பாவத்தில பங்குதானே?” என்று என் முன்னாலேயே கேட்டிருக்கிறார். “ஓம், அல்லாட்ட அதுக்கு நான்தான் பதில் சொல்லணும்” என்று பஸால் ஒத்துக்கொண்டார். எங்களுக்கு அவர் உபதேசம் செய்ததேயில்லை. உபதேசிகளோடு மலை ஏறி மூச்சு வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், அது பெரிய குணம்.

ஆனால் இந்த முறை நிலைமை வேறு. எங்கள் மூவரில் ஒருவனான சுஜீபன், என்னைப்போல் கல்முனைக்குப் பக்கத்துப் பாண்டிருப்புக்காரன், ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பியவன். இனிக் குடித்தால் உயிர் தப்பாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். “நீங்க போறதாலதான் காக்கா இவர விடுறன்” என்று சுஜீபனின் மனைவி சுலோஜனா, அண்ணன் முறை வைத்துப் பஸாலிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். நான் போத்தல் கொண்டுபோகவில்லை. சுஜீபன் கொண்டுவந்திருந்தான், உடுத்துகிற சாரத்துக்குள் சுற்றி.

பஸால் மூன்று கோப்பைகளையும் விளிம்புவரை நிரப்பினார்.

“என்ன மச்சான், எனக்கு இடம் இல்லியா?” என்றான் சுஜீபன்.

“இல்ல.”

“ஒரு மூடிதானே. மலைக்கு வந்து வெறும் தேத்தண்ணி குடிக்கிறதா?”

“குடிச்சிப் பாரு. நல்லாரிக்கி.”

சுஜீபன் சிரித்தான். தன் கோப்பையைச் சரித்துப் பாதியைப் புல்லில் ஊற்றி, தானே இடம் செய்துகொண்டான். சாரத்தைப் பிரித்துப் போத்தலை எடுத்தான். பஸால் நனைந்த புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. போத்தலைப் பிடுங்கி எறிந்திருப்பேன். “இரி” என்று பஸால் என் முழங்கையைப் பிடித்தார்.

சுஜீபன் மூடியில் கை வைத்தபடி இருந்தான். திருகவில்லை. கீழே பள்ளத்தாக்கை மூடிக்கொண்டு மேகம் வந்தது. மூடியிலிருந்து கையை எடுக்காமல், “எனக்குப் பயமா இரிக்கி மச்சான்” என்றான்.

“அப்ப புல்லில ஊத்தி விடு” என்றேன் நான்.

“ஏலாது. ஊத்தவும் ஏலாது.” போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். “இது என்ர பைக்குள்ள கிடந்தா நான் குடிச்சிருவன். சுலோஜனாக்கு மறுகா என்ன சொல்ற?”

“என்னட்டத் தா.”

“உன்னட்டத் தந்தா ரெண்டு பேரும் சேந்து குடிப்பம்.”

உண்மைதான். நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

பஸால் எழுந்து தன் பையை இழுத்தார். அதற்குள்ளிருந்து மடித்த தொழுகை விரிப்பை எடுத்து, தூசி தட்டி, என் மடியில் வைத்தார். “இத நீ சுமந்து வா. போத்தலோட சேத்து வெக்க ஏலாது” என்றார். பிறகு சுஜீபனுக்கு முன்னால் குந்தி, இரண்டு கைகளையும் நீட்டினார்.