கதிராமன் மாஸ்டர் பழகிய பெண் பக்கம்

கதிராமன் மாஸ்டர் தன் வாழ்நாளில் எதையும் கேட்டு வாங்கியவர் அல்ல. கையில் தந்ததை வாங்கிக்கொண்டவர். திரியாயில் வயல் செய்த குடும்பத்தில் ஐந்தாவது பிள்ளை. பயிற்சிக் கலாசாலையில் அவர் விரும்பிப் படித்தது பூமிசாஸ்திரம். 1957ஆம் ஆண்டு, திருகோணமலையில் சல்லி என்ற ஊருக்குப் போகும் வழியில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு நியமனக் கடிதத்தோடு போய் நின்றார். பூமிசாஸ்திரம் படிப்பிக்க அங்கே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். விளையாட்டுக்குத்தான் ஆள் இல்லை. அப்போதைய அதிபர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு விசிலை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடம் அந்த விசில் அவர் கழுத்தில் கிடந்தது.

உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். மைதானத்தை ஒரு முறை சுற்றி ஓடினால் மூச்சு வாங்கும். கரப்பந்து வலையின் மேல் விளிம்பு அவர் கைக்கு எட்டாது. பிள்ளைகள் ஓடுவார்கள், அவர் விசில் ஊதுவார். யாரும் குறை சொல்லவில்லை, யாரும் பாராட்டவும் இல்லை.

1969 தை மாதம் மேலே இருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. ஆடியில் நடக்கும் தன் விளையாட்டுப் போட்டியில் ஒவ்வொரு பள்ளிக்கூடமும் பிற நாட்டு நாட்டார் நடனம் ஒன்றைக் காட்ட வேண்டும். அதைப் பழக்குவதற்கு, ஆறு வாரம், சனியும் ஞாயிறும் திருகோணமலை டவுனில் பயிற்சிப் பட்டறை. விளையாட்டு ஆசிரியர்கள் கட்டாயம் வரவேண்டும்.

இப்போது அதிபராக இருந்தவர் சிவகாமிப்பிள்ளை ரீச்சர். கதிராமன் அவருடைய கதிரைக்கு முன்னால் போய் நின்றார்.

"ரீச்சர், எனக்கு ஆட்டம் ஏலாது. காலும் கையும் ஒண்டுக்கொண்டு சேராது."

"பேரை அனுப்பிப்போட்டன் மாஸ்டர்."

"இல்லை ரீச்சர், நான் என்ன சொல்லுறனெண்டா..."

"முந்தநாளே அனுப்பிப்போட்டன்."

அவர் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

பட்டறை நடந்த மண்டபம் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருந்தது. பழக்க வந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த கிர்ஸ்டன் என்ற பெண். வயது ஐம்பது இருக்கும். ஆறடிக்குக் குறையாத உயரம். எல்லோரும் மிஸ் என்று கூப்பிட்டார்கள். ஒரு கிராமபோனும் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளும் கொண்டுவந்திருந்தார். வந்திருந்த ஆசிரியர்கள் பதினெட்டுப் பேர். அதில் பெண்கள் நான்கு பேர்தான். நான்கு பேரும் முதல் நாளே தங்களுக்குள் சோடி சேர்ந்துகொண்டார்கள். மிச்சம் பதினான்கு ஆண்கள். கிர்ஸ்டன் அவர்களை உயரப்படி நிறுத்தி, குட்டையான ஏழு பேரின் இடது கையிலும் வெள்ளை லேஞ்சித் துணி கட்டிவிட்டார். லேஞ்சி கட்டியவர்கள் பெண்ணின் பக்கத்தை ஆடவேண்டும். வரிசையில் கடைசியாக நின்ற கதிராமனுக்கு முதலாவது லேஞ்சி.

அவருக்குச் சோடியாக வாய்த்தவர் கிண்ணியாவில் படிப்பித்த அபூதாஹிர் மாஸ்டர். நெடிய மனிதர், வாய் நிறையச் சிரிப்பு. துறையில் பாதை பிந்தினால் அவரும் பிந்துவார். ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவைக்குத்தான் அங்கே பாதை என்று பெயர். அவர் வந்து சேரும்வரை கதிராமன் ஒரு கதிரையைச் சோடியாக வைத்துக்கொண்டு ஆடுவார்.

முதல் வாரம் டென்மார்க். இரண்டாம் வாரம் ஸ்கொட்லாந்து. மூன்றாம் வாரம் பிலிப்பைன்ஸ்காரரின் மூங்கில் ஆட்டம். தரையில் தட்டும் இரண்டு மூங்கில்களுக்கு நடுவே கால் வைத்து எடுக்க வேண்டும். நிலாவெளியிலிருந்து வந்த ஒருவருடைய கணுக்கால் வீங்கிப்போய் அவர் பிறகு வரவே இல்லை. நான்காம் வாரம் யூகோஸ்லாவியா. பக்கத்தில் நிற்பவரின் இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஆடவேண்டும். அன்றைக்கு மூன்று பேர் வேட்டியில் வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தவித்தார்கள்.

இதற்குள் ஒரு விஷயம் நடந்துவிட்டது. கதிராமனுக்கு ஆட்டம் வந்துவிட்டது. அவருக்கே நம்பமுடியவில்லை. இசைத்தட்டு சுழலத் தொடங்கியதும் கால் தானாகப் போனது. சுழன்று, அபூதாஹிரின் கைக்குக் கீழால் நுழைந்து, அடுத்த தாளத்துக்கு முன்பே இடத்துக்கு வந்து நின்றார். நாற்பது வயதில், முதல் தடவையாக, உடம்பு அவர் சொன்னதைக் கேட்டது.

ஆனாலும் பெண் பக்கம். இதைப் போய்ப் பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்குவது என்ற பயம் வந்தது. ஐந்தாம் வாரம், இனி மற்றப் பக்கத்தைப் பழகத் தரமுடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்க ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனார். இடைவேளையில் கிர்ஸ்டனுக்குக் கிட்டப் போய், "மிஸ்" என்றார். அவர் திரும்பி, எல்லோருக்கும் கேட்க, இந்த மண்டபத்திலேயே இலேசாக ஆடும் கால் கதிராமனுடையதுதான் என்றார். மற்றவர்கள் கைதட்டினார்கள். கதிராமன் "தாங்க் யூ மிஸ்" என்று சொல்லிவிட்டு வந்து இருந்துவிட்டார்.

கடைசி நாள் ஆளுக்கொரு சான்றிதழும் பள்ளிக்கூடத்துக்கு ஓர் இசைத்தட்டும் கொடுத்தார்கள். ஆட்டக் குறிப்புகள் பிறகு தபாலில் வரும் என்றார்கள். கிர்ஸ்டன் அடுத்த கிழமை ஊருக்குக் கப்பலேறிவிட்டார். குறிப்புகள் வரவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் எட்டுப் பெடியன்களையும் எட்டுப் பெட்டைகளையும் தெரிந்தெடுத்தார். தாய் தகப்பன்மார் கையைப் பிடிக்க விடமாட்டார்கள் என்பதால் சோடிக்கு ஒரு ரிபன் துண்டு கொடுத்து இரண்டு நுனியையும் பிடிக்கச் சொன்னார். டென்மார்க் ஆட்டம்தான். பெட்டைகள் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்கள். பெடியன்களிடம், "அவை செய்யிறதுக்கு எதிர்ப்பக்கம் செய்யுங்கோ" என்றார். அவர்கள் அப்படியே செய்தார்கள். மூன்றாவது சுற்றில் எல்லா ரிபனும் ஒன்றோடொன்று முறுகி, பதினாறு பேரும் மணலில் விழுந்தார்கள்.

அங்கேதான் சிக்கல். அந்த ஆட்டத்தில் ஆணின் பக்கம் வெறும் எதிர்ப்பக்கம் அல்ல. பெண் திரும்பிப் போகும் நேரத்தில் ஆண் வேறு ஏதோ செய்கிறான். கதிராமன் ஒவ்வொரு முறையும் முதுகு காட்டிப் போனவர். திரும்பி வரும்போது அபூதாஹிரின் கை அங்கே இருக்கும். இடையில் அவர் என்ன செய்தார் என்பதை ஒரு நாளும் கண்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை பாதையேறி கிண்ணியாவுக்குப் போனார். அபூதாஹிர் வீட்டில்தான் இருந்தார். அவருடைய மனைவி றம்லா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

"என்ன மாஸ்டர், இவ்வளவு தூரம்?"

கதிராமன் விஷயத்தைச் சொன்னார். "நான் சுத்திப் போய் வாறதுக்கிடையில நீங்கள் என்ன செய்தனீங்கள்? அதை மட்டும் ஒருக்கா ஆடிக் காட்டுங்கோ."

அபூதாஹிர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"அல்லாவே! எனக்கு எங்க மாஸ்டர் தெரியும்? நீங்க வார பக்கம் பார்த்து நானும் வந்தன். நீங்க அங்கால திரும்பின உடனே மிஸ் ஓடிவந்து என்ட தோளில பிடிச்சுத் தள்ளுவா. தள்ளின இடத்தில நிப்பன். அவ்வளவுதான்."

"ஆறு கிழமையுமோ?"

"ஆறு கிழமையும்தான். நான் மூங்கில் ஆட்டம் போடப் போறன். அதுக்குச் சோடி வேணாம்."

பாதையில் திரும்பி வரும்போது கதிராமனுக்கு அழுகை வரும்போல இருந்தது. மற்ற ஆறு உயரமானவர்களும் மூதூர், வெருகல் என்று எங்கெங்கோ போய்விட்டார்கள். அவர்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும் என்று என்ன நிச்சயம்?

வீடு அன்புவழிபுரத்தில். மனைவி குணமணி அவரைவிட இரண்டு அங்குலம் உயரம். கலியாணம் பேசும்போது எல்லோரும் சொன்ன குறை அது. மூன்று பிள்ளைகளின் தாய். மறுநாள் ஞாயிறு. பிள்ளைகள் மாமன் வீட்டுக்குப் போயிருந்தார்கள். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் கதிராமன் போய்ச் சொன்னார்.

"ஒருக்கா வந்து நடுவில நில்லும். சும்மா நிண்டாக் காணும்."

"ஏன், என்ன விளையாட்டு இது?"

"எனக்கு வேற ஆளில்லை."

குணமணி அவர் முகத்தைப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்தார். யன்னலையும் கதவையும் பூட்டினார்கள். வெக்கையில் உடம்பு நனைந்தது. கதிராமன் மெட்டை வாயால் முனகிக்கொண்டு பெண் பக்கத்தை ஆடினார். போனார், சுழன்றார், திரும்பி வந்தார். குணமணியின் கை அங்கே இல்லை.

"பிழைச்சுப்போச்சு" என்றார்.

"பொறுங்கோ" என்றார் குணமணி. "இன்னொருக்கா வாங்கோ." இரண்டாம் தடவை கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்கள் வந்து சேருற இடம் இது. அப்ப நான் ரெண்டு அடி முன்னுக்கு வந்திருக்க வேணும், என்ன? உங்கட முகம் அங்கால திரும்பினோடன நான் வெளிக்கிட்டாத்தான் சரிவரும். இடதுகால்."

அவர் சொன்னது சரியாக வந்தது.

அப்படி மூன்று ஞாயிறு. குணமணி ஒவ்வொரு அடியாகக் கண்டுபிடித்தார், கதிராமன் அதை அப்பியாசக் கொப்பியில் எழுதினார். மூன்றாம் ஞாயிறு ஆட்டம் முழுவதும் தடங்கலில்லாமல் வந்தது. முடிந்ததும் குணமணி அவருடைய கையை விடாமல் நின்று சிரித்தார். பதினொரு வருடத்தில் மனைவி அப்படி வாய்விட்டுச் சிரித்து அவர் கேட்டதில்லை.

"போட்டியண்டைக்கு நானும் வாறன்" என்றார். "பிள்ளையள் ஆடுறதைப் பாக்கவேணும். அந்தப் பக்கம் என்ர பக்கமெல்லே."

"ஓம், ஓம். வாரும்."

பள்ளிக்கூடத்தில் பெடியன்கள் கொப்பியில் இருந்தபடி பழகினார்கள். ரிபன் முறுகவில்லை. ஆனி நடுப்பகுதியில் பதினாறு பேரும் சல்லிக் கடற்கரை மணலில்கூடச் சாயாமல் ஆடினார்கள். வலை காயப்போட வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். கதிராமன் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுத் தாளத்துக்குக் கைதட்டினார்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது சிவகாமிப்பிள்ளை ரீச்சர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் புதிய சுற்றுநிருபம். பிற நாட்டு நடனங்கள் இந்த வருட நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்படுகின்றன. காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"நான் என்ன செய்யிறது மாஸ்டர்? என்ர கையிலயும் ஒண்டுமில்லை" என்றார் ரீச்சர்.

"ஓம் ரீச்சர்."

வெளியே பதினாறு பேரும் ரிபனோடு நின்றார்கள். கதிராமன் சொல்லத்தான் போனார். ஒரு பெட்டை ஓடிவந்து, "சேர், இண்டைக்கு நாங்கள் முதல் தரமே பிழைவிடாமல் ஆடுவம், பாருங்கோ" என்றாள். அவர் பள்ளிக்கூடத்துக் கிராமபோனைச் சுழற்றினார். அன்றும் பழகினார்கள், மறுநாளும் பழகினார்கள். மூன்றாம் நாள் ரீச்சரே மைதானத்துக்கு வந்துவிட்டார்.

"மாஸ்டர், கடிதத்தை வாசிச்சனீங்கள்தானே?"

"வாசிச்சனான்."

"பிறகேன்?"

கதிராமன் இசைத்தட்டை நிறுத்தினார். ரீச்சர்தான் பிள்ளைகளுக்குச் சொன்னார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ரிபன்களைக் கதிரையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்குப் போனார்கள்.

வீட்டில் அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்ல வாயெடுத்தார். ஒரு நாள் குணமணி அலுமாரியைத் திறந்து சேலை தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றார். ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். போட்டி நாள் காலையில் கதிராமன் ஐந்தரை பஸ்ஸுக்கே போகவேண்டியிருந்தது. வரவேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். அதற்குப் பயந்து பேசாமல் போனார்.

பிற்பகல் இரண்டு மணிக்குக் குணமணி வந்தார். நீலச் சேலை, தலையில் பூ, கையில் கடைசிப் பிள்ளை. பெற்றோர் இருந்த கொட்டகையில் முன்வரிசைக் கதிரையில் இருந்தார். கதிராமன் நூறு யார் தூர ஓட்டத்துக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். மைதானத்தின் மறுகரை. விட்டுவிட்டுப் போக ஏலாது. ஒன்றன் பின் ஒன்றாக ஓட்டம், பாய்ச்சல், கயிறிழுத்தல். ஒவ்வொன்றுக்கும் விசில் ஊத வேண்டியவர் அவர்தான். ஒவ்வொரு முறை ஒலிபெருக்கி அடுத்த நிகழ்ச்சியை அறிவிக்கும்போதும் குணமணி கதிரையில் நிமிர்ந்து இருப்பதை அவர் தூரத்திலிருந்து கண்டார். பரிசளிப்பும் முடிந்தது. ஆட்கள் எழும்பிப் போனார்கள். குணமணி பிள்ளையை மடியில் வைத்தபடி இன்னும் கொஞ்ச நேரம் இருந்தார்.

பஸ் நிற்கும் இடத்தில்தான் கதிராமன் அவரிடம் போய்ச் சேர்ந்தார்.

"ஆட்டத்தை எடுத்துப்போட்டினமோ?" என்று கேட்டார் குணமணி.

"ஓம்."

"எப்ப?"

"பத்து நாளைக்கு முன்னம்."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"சொல்ல ஏலாமப் போச்சு."

குணமணி பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினார். கண் கலங்கியிருந்தது. ஆனால் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கதிராமனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பஸ் வந்தது. நிறைய ஆட்கள். இருக்க இடமில்லை. கதிராமன் பிள்ளையை வாங்கிக்கொண்டார். இருவரும் மேல் கம்பியைப் பிடித்தபடி அன்புவழிபுரம்வரை நின்றுகொண்டே போனார்கள்.