பெட்டியில் வந்த விமானம்

விமானம் பெட்டிகளில் வந்தது. உள்ளே அலுமினியத் தகடுகள், குழாய்கள், பை பையாக ரிவெட் ஆணிகள், தலையணைத் தடிப்பில் ஒரு விளக்கப் புத்தகம். பார்த்தவர்கள் ஏதோ பெரிய அலுமாரி என்றுதான் நினைத்திருப்பார்கள். மாமா மட்டும், பெட்டிகளைத் திறந்த அன்றே, பலெர்மோவின் அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டு மாடிப்படிகளை ஒரே ஓட்டமாக ஏறி வந்து, மூச்சு வாங்க அம்மாவிடம் சொன்னார்: "அக்கா, நான் பறக்கப் போறன்."

அம்மா பருப்பைக் கிண்டியபடி, "முதல்லை செருப்பைக் கழட்டு" என்றார்.

மாமாவுக்குக் கடற்கரையோர மொண்டெல்லோவில் ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவரின் வீட்டில் வேலை. அவரை நாங்கள் சின்யோரே என்போம். வாழ்நாளெல்லாம் பிறர் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதருக்குக் கடைசியில் வானத்தைப் பார்க்க ஆசை வந்துவிட்டது; தானே பூட்டிப் பறக்கவென்று அந்தப் பெட்டிகளை வரவழைத்தார். நகரத்துக்கு வெளியே, எலுமிச்சைத் தோட்டங்களைத் தாண்டி, புல்தரை ஓடுபாதையும் ஹாங்கர் என்று சொல்லப்பட்ட தகரக் கொட்டகையும் இருந்தன. பெட்டி தூக்கப் போன மாமா அங்கேயே பாதி விமானக்காரர் ஆகிப்போனார். இருப்பது இரண்டு இருக்கை, ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு என்று சின்யோரே சொல்லியிருந்தார்.

நான் இந்தக் கதைக்குள் வந்தது வாலால். ரிவெட் அடிப்பதற்கு வெளியே ஒருவர் காற்றுச் சுத்தியல் பிடிக்க வேண்டும், உள்ளே ஒருவர் இரும்புக் கட்டியால் ஆணியின் மறுமுனையைத் தாங்க வேண்டும். வால் ஒடுங்கும் இடத்தில் அவர்கள் இருவரின் கையும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருந்தால் குழப்படி செய்வேன் என்று மாமாவோடு அனுப்பப்பட்டிருந்தேன். "உன்ரை கை போகுதோ பார், பிள்ளை" என்றார் மாமா. பதினொரு வயதுக் கை, தோள் வரை போனது.

அதன்பிறகு எனக்கு ஞாயிறு என்றால் அந்தத் தகரக் கொட்டகைதான். டர்ர் என்று ஒரு அடி. அது இரும்புக் கட்டியில் இறங்கி, எலும்பு வழியே ஏறி, பல்லுக்குள் வந்து நிற்கும். கூரைப் புறாக்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். சின்யோரே பழைய தொழிலின் சின்னக் கண்ணாடியை வால் ஓட்டைக்குள் விட்டு, நன்றாக வாயைத் திற என்று விமானத்திடம் இத்தாலியனில் சொல்லிவிட்டு, ஆணி ஆணியாகப் பார்ப்பார். அவர் சரி என்றதையும் மாமா விரலால் தடவி, மனம் ஆறாமல் துளைத்தெடுத்து, திரும்ப அடிப்பார். பகலெல்லாம் என் காதுக்குள் தும்பி பறக்கும். எனக்கு அது பேரின்பம்.

வால் வளர, இரு பக்கச் செட்டை வளர, மாமாவின் வாயும் வளர்ந்தது. மீன் கடையில், கோயிலில், பஸ்ஸில் என்று போகுமிடமெல்லாம் பறப்பைப் பற்றியே கதை. அப்பா மட்டும் சொன்னார்: "மச்சான், விழுந்தால் எங்கடை வீட்டுப் பக்கம் விழாதை. வாடகை வீடு." அம்மா சிரிக்கவில்லை. கடைசி வாரம் மாமாவோடு கதைப்பதையே நிறுத்தினார்.

ஆனாலும் முதல் பறப்பன்று, சொந்தக்காரரை ஏற்றப் பிடித்த வேனில் முதலில் ஏறியது அம்மாதான், மடியில் தேங்காய், கற்பூரம், சந்தனத்தோடு, காலடியில் எல்லோருக்கும் தின்னப் பொரித்த றோல்ஸோடு. "போறது எண்டு முடிவெடுத்திட்டான். சாமியையாவது கூட்டிக்கொண்டு போகட்டும்."

பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் நெருப்புப்பெட்டியைக் கண்டதும் சின்யோரே வெளுத்துப்போனார். கற்பூரம் பைக்குத் திரும்பியது. சக்கரச் சில்லுகளின் கீழ் வைக்கச் சின்னத் தேசிக்காய் கிடைக்காததால் பலெர்மோ எலுமிச்சம்பழம், கைமுட்டி அளவு. குட்டிச் சில்லு ஏற மறுக்க, எல்லோரும் சேர்ந்து தள்ள, சாறு அம்மாவின் சேலையில் அடித்தது. அடுத்து அப்பா, யாரும் தடுக்கும் முன், விமானத்தின் மூக்குக்கு முன்னால் தேங்காயை ஓங்கி அடித்தார். அற்புதமாகச் சிதறியது.

சின்யோரே தலையில் கை வைத்தார். ஒரு சின்னச் சிரட்டைத் துண்டை மூக்கில் சுழலும் விசிறி இழுத்தாலும் விசிறி உடைந்துவிடும். பிறகென்ன, சேலைகளும் கோட்டுகளும் முழங்காலில் நின்று சீமெந்தில் சிரட்டை பொறுக்கின. சின்யோரேயும் பொறுக்கினார்.

கடைசியில் மாமா விமானத்துக்குள் எட்டி, தன் இருக்கையின் பட்டியை, ஆள் இல்லாமலே, இறுக்கிக் கட்டினார். பிறகு பின்னால் வந்து நின்றார். சின்யோரே தனியே ஏறினார்.

"நீ போகேல்லையோ?" என்றார் அம்மா.

"முதல் தரம் ஓராள்தான் போகலாம், அக்கா. சட்டம்."

"உனக்கு இது எப்ப தெரியும்?"

"முதலே தெரியும். சொல்லியிருந்தால் நீங்கள் ஒருத்தரும் வந்திருக்க மாட்டியள்."

"அப்ப அந்த மனுசன் பறக்கிறதுக்கோ எங்கடை தேங்காய்?" என்றார் அப்பா.

நான்தான் அதிகம் கொதித்தேன். மாமாவின் இருக்கையைக் களவெடுத்துவிட்டார்கள் என்றே பட்டது. ஆனால் இயந்திரம் முழங்க, புல் படுத்து எழும்ப, அந்த அலுமாரி ஓடத் தொடங்கியபோது கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சில்லுக்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு நூல் வெளிச்சம். பிறகு ஒரு முழம். பிறகு வானம். நான் கத்தினேன், அப்பா விசிலடித்தார், அம்மா கும்பிட்டார்.

மாமா கொட்டகைக் கதவடியில் குந்தியிருந்து சீமெந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, பாருங்கோ."

"நீ பார். பார்த்துச் சொல்லு."

"திரும்புது. கடல் பக்கம் போகுது."

"வால் ஆடுதோ?"

"இல்லை."

"நல்லாப் பார்."

"ஆடேல்லை மாமா. அடுத்த தரம் நீங்கள்தானே, கவலைப்படாதேங்கோ." அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வால் ஆடுதோ என்று மறுபடியும் கேட்டார்.

விமானம் இரண்டு துள்ளுத் துள்ளி இறங்கியது. சின்யோரே குதித்து வந்து அம்மாவைக் கட்டிப்பிடிக்க, அம்மா மரமாக நின்றார். அந்தக் கலகலப்பில் மாமாவைக் காணவில்லை. தேடிப் போனேன். கொட்டகையின் பின்சுவரில் கையூன்றி, குனிந்து, தின்றதெல்லாம் வெளியே வர, அடக்க மாட்டாமல் சத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஓடி வந்து அறிவித்தேன்: "அம்மா, நீங்கள் கொண்டு வந்த றோல்ஸ் பழுது. மாமா சத்தி எடுக்கிறார்."

"பறந்த மனுசன் சிரிக்கிறார், நிலத்திலை நிண்டவர் சத்தி எடுக்கிறார்" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். சில வாரம் கழித்து மாமாவும் பறந்தார். அன்று பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கினார்.

இன்று மாமாவின் அன்றைய வயதைத் தாண்டிவிட்டேன்; தன் கை அடித்த ஆணிகளை நம்பி இன்னொருவர் மேலே போவதை நிலத்தில் நின்று பார்ப்பது என்னவென்று இப்போது தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் றோல்ஸ்தான், நானும் நாலு தின்றிருந்தேன். எலுமிச்சைத் தோட்டங்களுக்கு ஊடாக வேன் திரும்பி வரும்போது, எனக்கும் இப்போது வரும், இப்போது வரும் என்று வயிற்றில் கை வைத்தபடி காத்திருந்தேன். அந்த வால் முழுக்க உள்ளேயிருந்து தாங்கியது என் கை. ஆனாலும் எனக்கு ஒன்றுமே வரவில்லை.