சனிக்கோளுக்குப் போகும் டோனர் டப்பா

இரண்டு பக்கம் அச்சாகி வருவதற்குள் மாரீஸ்வரி போனில் ஒரு வரி தட்டிவிடுவார். மூன்றாவது பக்கம் வரும்போது அதை அழித்துவிடுவார். கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினீயரிங் கல்லூரிப் பேருந்துகள் நிற்கும் இடத்துக்கு எதிரே அவருடைய ஜெராக்ஸ் கடை. பிள்ளைகளின் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளை டைப் செய்து ஸ்பைரல் போட்டுக் கொடுப்பது தொழில். விண்வெளித் தொடர்கதை எழுதுவது கிறுக்கு. அந்தச் சொல் அவருடையதுதான்.

"ஒரு பொண்ணோட ரிப்போர்ட்டு அடிச்சேன் சார். சூரியனுக்குள்ள நடக்குறத இஞ்சினுக்குள்ள நடத்தலாம்னு போட்டிருந்தா. அணுவ அணுவோட ஒட்டுனா அம்புட்டுச் சூடாம். அன்னைக்குப் புடிச்சது."

மேஜையில் காலி டோனர் டப்பா ஒன்று படுத்திருக்கும். அதுதான் கப்பல். வாய்ப்பக்கம் இஞ்சின். அடிப்பக்கம் எப்போதும் சுவரில் இருக்கும் காலண்டர் ஆணியை நோக்கியே இருக்க வேண்டும்; அந்த ஆணிதான் சனிக்கோள். யாராவது கை பட்டு நகர்த்திவிட்டால் அவர் முகம் சுருங்கிவிடும்.

போனில் அறுநூறு பேர் படிக்கிறார்கள். கதையில் நாற்பத்தொரு பேர் போகிறார்கள், அதில் ஒருத்தி நிறைமாதக்காரி. பதினெட்டு அத்தியாயமும் இஞ்சின் எரிந்து வேகம் கூடிக்கொண்டே போனது. அப்போது ராஜபாளையத்து மில் எலக்ட்ரீசியன் முகமது ரியாஸ் கீழே ஒரு கேள்வி போட்டார்: "அக்கா, அம்புட்டும் சரி. இது எப்படி நிக்கும்?"

மூன்று வாரமாகப் பத்தொன்பதாம் அத்தியாயம் வரவில்லை. எதிரே இத்தனை இன்ஜினீயர்கள் நடக்கிறார்களே, கேட்கக் கூடாதா என்றேன். "என் கப்பல்ல ஏறுனவியள நாந்தான் எறக்கணும்" என்றார். வெள்ளிக்கிழமைக்குள் வழி தெரியாவிட்டால் தொடரையே அழித்துவிடுவாராம். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. நிறைமாதக்காரி என்ன ஆவாள்?

வியாழன் மதியம் பைண்டிங்குக்காகக் காத்திருந்தேன். சோற்றுத்தூக்கோடு அவர் கணவர் ஆவுடையப்பன் வந்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரை நிறுத்தச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்களில் ஒருவர். மனைவி சோற்றில் கையை வைத்தும் சாப்பிடாமல் டோனர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னும் நிக்கலையா?"

"ஊருக்குக் கிட்ட போயி நிப்பாட்டணும். எப்படின்னு தெரியல."

"ஏட்டி, நெலைக்கு வந்த பொறவா தேர நிப்பாட்டுவாக? ரொம்ப முன்னாலயே கட்டை போட ஆரம்பிச்சிரணும். அதுவும் சக்கரத்துக்கு முன்னால போடணும். பின்னால போட்டா என்னத்துக்கு?"

மாரீஸ்வரியின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"அப்ப நெருப்பு முன்பக்கமா எரியணும்" என்றார் மெதுவாக. "வேகம் புடிக்க எம்புட்டுத் தூரம் ஆச்சோ, கொறைக்கவும் அம்புட்டுத் தூரம் வேணும்." விரல்விட்டு அத்தியாயங்களை எண்ணினார். "பாதி வழிதான் வந்திருக்கு! இன்னும் நேரம் இருக்கு சார்!"

கையைக் கழுவி, சேலையில் ஈரம் போகத் துடைத்தார். டோனர் டப்பாவை இரண்டு கையாலும் எடுத்தார். உள்ளே இருக்கும் நிறைமாதக்காரிக்கு வலிக்காதபடி அதை மெள்ளத் திருப்பி, இஞ்சின் பக்கம் காலண்டர் ஆணியைப் பார்க்கும்படி வைத்தார்.