டேங்க் மூடியும் என் வீட்டுக்காரர் காதும்

என் வீட்டுக்காரரை எங்கள் பக்கத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காதுக்காரர் என்பார்கள். டிராக்டர் எஞ்சின்மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். "ரெண்டாவது வால்வு" என்பார். பிரித்துப் பார்த்தால் ரெண்டாவது வால்வுதான். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை என்று சொல்லிக்கொள்வார். இரண்டு தடவை பிசகியிருக்கிறது, கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா?

அந்தக் காது இப்போது கேட்பதில்லை. அதுவும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. முதலில் குக்கர் விசில் போயிற்று, அப்புறம் கதவு தட்டுகிற சத்தம், கடைசியில் நான். பக்கத்தில் போய்க் கத்தினால் மட்டும் கேட்கும். டாக்டரிடம் போகலாம் என்றால் முகம் சுருங்கிவிடும்.

"காதுக்காரன்னு பேரு வாங்கிட்டு, காது போச்சுன்னு எப்படிச் சொல்றது? அப்புறம் எவன் வண்டியைக் கொண்டு வருவான்?"

பாவமாகத்தான் இருந்தது. அதனால் ஒரு திருட்டு ஏற்பாடு செய்தோம். அவர் வேலைக்குப் போகிற இடத்துக்கு நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். எஞ்சின் திக்கித் திக்கி ஓடினால், எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகிற குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். சத்தம் மாறினால் அந்த சிலிண்டர் நல்லது. மாறாவிட்டால் அதுதான் சண்டித்தனம் செய்கிறது. சத்தம் மாறினால் நான் மூக்கைச் சொறிவேன். மாறாவிட்டால் டிபன் பாக்ஸ் மூடியைத் திறப்பேன். அவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் நாடகம் போட்டு, தீர்ப்புச் சொல்வார்.

இதில் எனக்கு ஒரு சௌகரியமும் இருந்தது, மறைப்பானேன்? வாய்க்கு வந்ததை அவர் முதுகுக்குப் பின்னால் முணுமுணுக்கலாம். உருப்படாத மனுஷன், பிடிவாதம் பிடிச்ச கிழம் என்று மூன்று வருடமாக எத்தனையோ பட்டம் கொடுத்திருக்கிறேன். ஒன்றுக்கும் மறுப்பு வந்ததில்லை.

ஆனால் பேச்சுத் துணை இல்லாமல் போயிற்று. கத்திக் கத்தி எவ்வளவுதான் பேச முடியும்? சாப்பாடு, தண்ணீர், சாவி, அவ்வளவுதான். டாக்டரிடம் வருவதாக மூன்று தடவை சத்தியம் செய்தார். மூன்றாவது தடவை கிளம்புகிற நேரத்தில் ஒரு டிராக்டருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டவர், சாயங்காலம்தான் வெளியே வந்தார். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி நயமாகப் பேசிப் பிரயோஜனம் இல்லை.

அடுத்த வாரம் ஒலிபெருக்கி வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஒலிபெருக்கி என்பது ஒரு டிராக்டர்காரரின் பட்டப்பெயர். காலையில் அவரிடம் ஒன்றைச் சொன்னால் மதியத்துக்குள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். எங்கள் ரகசியம் தெரியவே கூடாத ஆள் ஒருவர் உண்டென்றால் அவர்தான். காது டாக்டரின் விலாச அட்டையை டிபன் பாக்ஸ் மூடிக்குள் ஒட்டிக்கொண்டு நானும் கிளம்பினேன்.

தகரக் கொட்டகைக்கு முன்னால் டிராக்டர் நின்றது. எங்கள் கல்யாணத்துக்கும் மூத்த வண்டி. ஆனால் புதுச் சிவப்புப் பெயிண்ட் பளபளவென்று மின்னியது.

"நானே அடிச்சேன் அண்ணே, ரெண்டு கோட்டு! ஒரு இண்டு இடுக்கு விடல" என்றார் ஒலிபெருக்கி. "ஆனா பாருங்க, ஸ்டார்ட் பண்ணா நல்லாத்தான் ஓடுது. கால் மணி நேரத்துல இருமல் வந்த மாதிரி திக்குது. அணைச்சுட்டுக் கொஞ்ச நேரம் விட்டா மறுபடி ஓடுது. ஃபில்டர் மாத்தியாச்சு, டேங்க் கழுவியாச்சு. நாளைக்கு உழவு இருக்கு அண்ணே, வாடகைக்கு ஒரு வண்டி கிடைக்கல."

எஞ்சினை ஓடவிட்டார்கள். சொன்ன மாதிரியே கால் மணி நேரத்தில் திக்க ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் கம்பீரமாக முதல் நட்டைத் தளர்த்தி என்னைப் பார்த்தார்.

நான் காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணை உருட்டினார். கொட்டாவி விட்டேன். நட்டை இறுக்கி, மறுபடி தளர்த்தி, தொண்டையைச் செருமினார். டிபன் பாக்ஸ் மூடியை மெதுவாகத் திருப்பி, உள்ளே ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த டிராக்டருக்கு அடித்த பெயிண்ட் தோற்றது.

"என்ன அண்ணே, முதல் சிலிண்டரா?" என்றார் ஒலிபெருக்கி. அது என் வீட்டுக்காரர் காதில் விழவில்லை. ஸ்பானரோடு நேராக என்னிடம் வந்து குனிந்தார். அவருக்கு ரகசியம் பேசுவதென்றால் குனிவதுதான், சத்தம் குறையாது. எஞ்சின் ஓடுகிற தைரியம் வேறு. அவர் வாயைத் திறக்கவும், அந்தப் பாழாய்ப்போன எஞ்சின் இரண்டு இருமல் இருமி நின்றுபோகவும் சரியாக இருந்தது.

"சரிடி! நாளைக்கு உன்கூட காது டாக்டர்கிட்ட வரேன்! எனக்குச் சத்தியமா ஒண்ணும் கேக்கல, சிக்னலைக் குடுத்துத் தொலை!"

கொட்டகை முழுக்க அது எதிரொலித்தது. காக்காய்கூடப் பறந்துவிட்டது. ஒலிபெருக்கி திறந்த வாயை மூடவில்லை. ஒலிபெருக்கியின் முகத்தையும் என் முகத்தையும் பார்த்த பிறகுதான் என் வீட்டுக்காரருக்கு விஷயம் புரிந்தது. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். விளையாட்டு வினையாகி, இருபத்தெட்டு வருடப் பேரை நானே கெடுத்துவிட்டேனே!

என்ன செய்வதென்று தெரியாமல், டீசல் இருக்கிறதா பார்ப்பவர்போல அவர் டேங்க் மூடியைத் திருகினார். 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். டேங்க் நன்றாக மூச்சை இழுத்தது. அவருக்குக் கேட்கவில்லை. மூக்கைச் சொறிவதா, மூடியைத் திறப்பதா? இதற்கு எங்களிடம் சைகையே கிடையாது. அப்புறம்தான் உறைத்தது, இனிமேல் சைகை எதற்கு?

"என்னங்க! மூடியைத் திறந்ததும் டேங்க் காத்தை இழுக்குதுங்க!" என்று அடித்தொண்டையில் கத்தினேன்.

சட்டென்று நிமிர்ந்தார். மூடியைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். டீசல் குறையக் குறைய உள்ளே காற்று போவதற்கு மூடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். அதன்மேல் இரண்டு கோட்டுச் சிவப்புப் பெயிண்ட். காற்று போக வழி இல்லாமல் டீசலும் இறங்கவில்லை.

"ஹேர்பின் குடு" என்று என் தலைக்கே கையை நீட்டினார். ஒரு குத்து. தளர்த்தி விட்டிருந்த நட்டையும் இறுக்கினார். எஞ்சின் அரை மணி நேரம் ஒரு தும்மல்கூடப் போடாமல் ஓடியது.

"இண்டு இடுக்கு விடலன்னு அப்பவே சொன்னீங்களே தம்பி" என்றேன். ஒலிபெருக்கி தலையைச் சொறிந்தார்.

அவர் சும்மா இருப்பாரா? மதியத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் ஒருவர் வண்டிக்குக் கூப்பிட வந்தார். வாசலில் நின்று, "அண்ணி கூட வருவாங்கதானே? அவங்க வந்தாத்தான் சரியா வரும்னு சொன்னாங்க" என்றார். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறியது.

கொட்டகையில் சொன்ன சொல் தவறாமல் என் வீட்டுக்காரர் அன்றைக்கே டாக்டரிடம் வந்தார். தவறியிருந்தால் ஊரே கேட்டிருக்கும். சோதனையெல்லாம் முடிந்து, பத்து நாள் கழித்துக் காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மிஷின் மாட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றாமல் விடுவிடுவென்று அடுப்படி வரைக்கும் நடந்தார். நானும் வழக்கம்போல அவர் முதுகைப் பார்த்து, "திருந்தாத ஜென்மம்" என்று முணுமுணுத்தேன்.

அவர் நின்றார். மெதுவாகத் திரும்பினார்.

"இதை எத்தனை வருஷமா சொல்லிட்டிருக்க?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அடுப்படியிலேயே உட்கார்ந்துகொண்டு, "சரி, விட்டுப்போனதையெல்லாம் சொல்லு. மெதுவாவே சொல்லு, கேக்குது" என்றார்.