மூடாத இடது கண்

ஒரு புதன்கிழமை காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் நான் குறிவைத்த இடத்துக்குப் போகாமல் பனியனுக்குப் போனது. கண்ணாடியில் பார்த்தேன். வலது பாதியில் நான் இருந்தேன். இடது பாதியில் என்னைப் பிடிக்காத யாரோ ஒருவர் இருந்தார். கன்னம் மரத்த மாதிரி இருந்தது. காதுக்குப் பின்னால் வலி வேறு.

எங்கள் ஹாலிஎல ஊரில் ஒருவனுக்கு வாய் கோணினால் காரணம் சொல்ல டொக்டர் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ரயில் ஜன்னல் காற்று என்றார். மனைவி, "ஃபிரிட்ஜ் தண்ணிங்க. சொன்னா கேக்குறீங்களா?" என்றாள். நான், படித்தவன் என்பதால், எல்லோரையும்விட மோசமான காரணத்தை, பக்கவாதத்தை, நானே கண்டுபிடித்துப் பயந்துகொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டொக்டர் அம்மா காதுக்குள் கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்தார், சீனியும் பிரஷரும் பார்த்தார். பிறகு, "நெத்திய சுருக்குங்க" என்றார். பாதிதான் சுருங்கியது. அவர் முகம் மலர்ந்தது. மூளையில் அடைப்பு என்றால் பெரும்பாலும் நெற்றி முழுதும் சுருங்குமாம். இது முகத்து நரம்பு வீங்கியதாம். "ஏதாவது வைரஸா இருக்கலாம். பல பேருக்குக் காரணமே தெரியாது. உடனே வந்தது நல்லது. குளிசைய விடாம போடுங்க, கண்ணு காய விடாதீங்க. அனேகமா சில கிழமையில சரியாயிரும்."

சில வாரங்கள் என்னிடம் இல்லை. வரும் ஞாயிறு கொஸ்லந்தவில் என் தங்கை மகளுக்கு நிச்சயத் தட்டு மாற்ற மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். சபையில் பேச வேண்டியவன் தாய்மாமன், அதாவது நான். இதற்கு முன்பு வந்த ஒரு சம்பந்தம், பெண்ணின் தாத்தா வாதத்தில் படுத்தவர் என்று யாரோ போனில் சொல்ல, வழியில் பெரகல சந்தியில் வேனை நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு அப்படியே திரும்பிப் போயிருந்தது. இந்தப் பையனையோ, தங்கை மகளான என் மருமகளுக்கு உண்மையாகவே பிடித்திருந்தது.

தங்கை போனில் அழுதாள். "அண்ணே, வாதம்னு மட்டும் வாயத் தொறந்துறாதீங்க. பல்வலின்னு சொல்லிருவோம்."

"வாயை மூடத்தானே முடியல" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஞாயிறன்று கன்னத்தில் மப்ளரைச் சுற்றி என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். பையனின் அம்மா, "பாவம், கராம்பு வச்சுக் கடிங்கண்ணே" என்றார். கடித்தேன். கராம்பு கீழே விழுந்தது.

இங்கேதான் எங்கள் திட்டத்தில் ஓர் ஓட்டை. எனக்கு இடது கண் மூடாது. ஆகவே நான் சாதாரணமாக இமைத்தாலே வலது கண் மட்டும் மூடித் திறக்கும். எதிரே பையனின் அப்பா. "ஆவணியிலயே கல்யாணத்த வச்சிரலாம்" என்றார் அவர். நான் இமைத்தேன். அவர் நிறுத்தி, மனைவியை ஓரக்கண்ணால் பார்த்து, என் பக்கம் குனிந்தார். "வேணாமா? அப்ப ஐப்பசி?" மறுபடியும் இமைத்தேன். மனிதன் எவ்வளவு நேரம்தான் இமைக்காமல் இருப்பது? "சரி சரி, புரியுதுங்க. பொம்பளைங்க முன்னால சொல்ல முடியாது. தை மாசம்" என்றார்.

நான் அவசரமாகத் தலையை மறுபக்கம் திருப்பினேன். அங்கே பையனின் அம்மா இருந்தார். கண் தன் பாட்டுக்கு இமைத்தது.

"ஏங்க, இவரு யாரப் பாத்துக் கண்ணடிக்கிறாரு?"

சபை முழுதும் என் பக்கம் திரும்பியது. வாதக்காரனா, பொம்பளைப் பொறுக்கியா, இரண்டில் ஒன்றை நான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவதில் கொஞ்சம் கௌரவம் இருப்பதாகத் தோன்றியதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். அதற்குள் டீத்தட்டோடு வந்த மருமகள் நின்றாள்.

"மாமா கண்ணடிக்கலங்க. மத்தக் கண்ணு மூடல. பல்வலியும் இல்ல, மொகத்து நரம்பு வீங்கியிருக்கு." தங்கை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

மப்ளரை அவிழ்த்தேன். டொக்டர் சொன்னதையெல்லாம் 'ப'வும் 'ம'வும் ஒழுகச் சொன்னேன். நெற்றியையும் சுருக்கிக் காட்டினேன். பையன் வீட்டார் வரிசையாகத் தங்கள் நெற்றியையும் சுருக்கிப் பார்த்துக்கொண்டார்கள்.

"இதுக்குப் போயி எதுக்குண்ணே பல்வலி?" என்றார் பையனின் அம்மா.

"முன்ன வந்தவங்க மாதிரி பெரகலையில டீ குடிச்சிட்டுத் திரும்பிருவீங்கன்னு பயந்தோம்" என்றேன்.

"நாங்களும் பெரகலையில டீ குடிச்சிட்டுத்தான் வாறோம். திரும்பலையே." அவர் என் மருமகளைப் பார்த்தார். "இந்த வீட்டுல ஒருத்தியாவது உள்ளதச் சொல்லுறா. அவளத்தானே கூட்டிட்டுப் போகப் போறோம். தட்ட மாத்துங்க."

தட்டு மாறியது. தங்கை அழுதாள், இந்த முறை சிரித்துக்கொண்டே.

பையனின் அப்பாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே என் காதருகே வந்தார். "அப்ப, தை மாசம்னு நீங்க சொல்லவே இல்லையா?"

"நான் ஒன்னுமே சொல்லலைங்க."

அவர் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

"இருக்கட்டும். தையும் நல்ல மாசந்தான். அதுக்குள்ள உங்க மொகமும் போட்டோவுக்கு ஆவும்."