மணல்மேட்டில் ஒரு கோடு சிக்னல்

அப்பா எங்களைப் பாலைவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது இடம் பார்க்க அல்ல, அம்மாவை டெலிபோனிடமிருந்து பிரிக்க. அது 2009 ஆடி மாதம், இந்த நாட்டில் குளிர்காலம், பள்ளிக்கூட விடுமுறை. எனக்குப் பத்து வயது. வைகாசியில் வன்னியில் சண்டை முடிந்ததிலிருந்து மாமாவைப் பற்றி, அதாவது அம்மாவின் ஒரே அண்ணனைப் பற்றி, ஒரு தகவலும் இல்லை. சனத்தை அடைத்து வைத்திருந்த முகாமில் கண்டதாக ஒருவர் சொன்னார், அது வேறு ஆள் என்றார் இன்னொருவர். மெல்பேர்ணின் ஓரத்தில், கிரான்பர்னில் இருந்த எங்கள் வீட்டில் அம்மா போனைக் கையில் பிடித்தபடிதான் சமைத்தா, பிடித்தபடிதான் கண்ணயர்ந்தா.

சமைக்கக் குசினியும் படுக்கக் கட்டிலும் உள்ளேயே இருக்கும் வான் வண்டி ஒன்றை அப்பா ஐந்து நாளுக்கு வாடகைக்கு எடுத்தார். மெல்பேர்ணிலிருந்து ஏழு மணித்தியாலம் வடமேற்கே ஓடினோம். செம்மணல், குட்டை மரங்கள், காலையில் எல்லாவற்றின்மேலும் உறைபனி. பாலைவனம் என்றால் வெயில் என்று நம்பி நான் கட்டைக் காற்சட்டைகளாகவே அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். அந்த மடைத்தனத்துக்கு, ஐந்து நாளும் அப்பாவின் கம்பளிச் சொக்ஸை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டு திரிந்தேன். போன் எங்கே வேலை செய்யாது என்று விசாரித்துத்தான் அப்பா அந்த இடத்தைத் தெரிவு செய்தார் என்பது பிறகுதான் தெரிய வந்தது.

அம்மாவை லேசில் ஏமாற்ற முடியாது. வானுக்குப் பின்னால் இருந்த மணல்மேட்டின் உச்சியில் நின்றால் ஒரு கோடு சிக்னல் வருவதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டா. இரண்டாம் நாள், ஊரில் விடியும் நேரத்தைக் கணக்குப் பார்த்து, பதினொரு மணிக்கு ஏறினா. நானும் கூடப் போனேன். போன் அடித்தது. எடுத்தால் யாரோ காப்புறுதி விற்பவன். அதோடு இறங்கியிருக்கலாம். ஒன்று வந்தால் இன்னொன்றும் வரும் என்று சொல்லி, நாலு மணி வரை அந்தக் குளிர்காற்றில் குந்தியிருந்தா. அன்றைக்குப் போவதாக இருந்த ஐந்து கிலோமீற்றர் நடையும் இளஞ்சிவப்பு உப்பு ஏரியும் மண்ணாய்ப் போயின. ஏரியைப் பற்றி வகுப்பில் எல்லாருக்கும் முன்கூட்டியே அளந்துவிட்டிருந்த எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மூன்றாம் நாள் போனை வாங்கிக்கொண்டு நான் முன்னால் ஓடினேன். அம்மா மணலில் கால் புதையப் புதையப் பாதி வழியில் வந்துகொண்டிருந்தா. நான் உச்சியில் கால் வைத்ததும் போன் அடித்தது. எதிர்க்காற்றில் அம்மாவுக்குக் கேட்கவில்லை. திரையில் இலக்கம் இல்லை. தெரியாதவர்கள் அழைத்தால் நான் ஆங்கிலத்தில்தான் பேசுவேன், பழக்கதோஷம். “ஹலோ, ஹூ இஸ் திஸ்?” என்றேன். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். ஓர் ஆண்குரல் இரண்டு தரம் ஹலோ என்றது. யார் வேண்டும் என்று நான் இன்னும் வேகமாக, இன்னும் கெட்டித்தனமான ஆங்கிலத்தில் கேட்டேன். “சொறி, சொறி” என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அம்மா மூச்சு வாங்க வந்து, “ஆரும் எடுத்தவையே?” என்றா.

இன்னொரு விற்பனைக்காரன் என்றுதான் நினைத்தேன். ஓம் என்றால் இன்றைக்கும் நாலு மணி வரை இங்கேதான். “இல்லையம்மா” என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அம்மா இறங்கிவிட்டா. ஏரிக்கு நடந்தோம். அப்பா பாடிக்கொண்டு முன்னால் போனார். ஏரி உண்மையிலேயே இளஞ்சிவப்பு. நான் உப்பை நக்கிப் பார்த்து முகத்தைச் சுளிக்க, அம்மாகூட ஒரு தடவை சிரித்தா. என் வாழ்க்கையின் மிக நல்ல நாட்களில் அதுவும் ஒன்று என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான்.

ஆவணிக் கடைசியில் அம்மா நம்பிக்கையை விட்டுவிட்டா. மாமாவின் ஆத்தும இளைப்பாற்றிக்குத் தேவாலயத்தில் பூசை ஒப்புக்கொடுத்தா. கறுப்புச் சட்டையுடன் முன் வாங்கில் நானும் இருந்தேன். அம்மா அப்படி அழுததை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மாமா என்றால் எனக்கு ஒரு படமும் அதில் ஒரு மீசையும்தான். அவருக்குக் குரல் இருக்கும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு நடுவில், மாமாவிடமிருந்து போன் வந்தது. அம்மா அழுதா, சிரித்தா, போனை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கச் சத்தத்தைக் கூட்டினா. முகாமில் ஒளித்து வைத்த போன் ஒன்றில் ஆடி மாதமே ஒருக்கால் அம்மாவுக்கு எடுத்தாராம்.

“ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கதைச்சுது. என்னட்ட இருந்த நம்பர் பிழை எண்டு விட்டிட்டன். ஆக்களிட்ட விசாரிச்சு, அதே நம்பர்தான் எண்டு அறிய இவ்வளவு நாளாச்சு.”

மணல்மேட்டில் கேட்ட “சொறி, சொறி” நினைவுக்கு வந்தது. அது அம்மாவின் போன். அதை எடுக்கக்கூடிய பிள்ளை உலகத்திலேயே ஒன்றுதான். அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தா. கொஞ்சம் அதிக நேரம் பார்த்தா. பிறகு போன் பக்கம் குனிந்து, “ஓமண்ணா, இஞ்ச லைன் அடிக்கடி மாறித்தான் விழும்” என்றா.

வெள்ளைக்காரப் பிள்ளையின் கதையை அம்மா பிறகு எத்தனையோ வீடுகளில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறா. ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பியதில்லை. அன்று நானோ, நல்லவேளை, அம்மா கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, சோற்றுக் கோப்பையை நீட்டி இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன்.