லாசரஸின் கட்டைவிரல்

பேருந்திலிருந்து இறங்கியதும் லாசரஸ் முதலில் அண்ணாந்து பார்ப்பார். அடுக்குமாடியின் ஜன்னல்களுக்கு வெளியே இருக்கும் ஏர்கான் பெட்டிகளை மாடி மாடியாகப் பார்த்துக்கொண்டே போவார். வலது கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கும். எண்ணி முடித்த பிறகுதான் மின்தூக்கிப் பக்கம் நடப்பார்.

வயது அறுபத்திரண்டு. முப்பது வருடம் கப்பல் பட்டறைக் கிடங்கில் சாமான் எண்ணியவர். இப்போது வீடு வீடாகப் போய், மாதம் என்ன வருமானம், வீட்டில் என்னென்ன பொருள் இருக்கிறது என்று கேட்டுப் பதிகிற பகுதிநேர வேலை. எந்தப் பேட்டையில் எவ்வளவு வசதி என்று ஒப்பிட்டுப் பார்க்கிற கணக்கெடுப்பு அது. ஒரு வாரம் அடுக்குமாடிகள் நிறைந்த பூன் லே, மறு வாரம் வசதியானவர்களின் தரை வீடுகள் உள்ள புக்கிட் தீமா. புக்கிட் மேராவில் நான் அவருக்கு எதிர்வீடு. அதனால் ஊரின் செல்வ நிலவரம் எனக்கு ஓசியில் கிடைத்துவிடும்.

"தரை வீட்டுக்காரங்க எல்லாத்தையும் குறைச்சுத்தான் சொல்வாங்க. 'வீ ஆர் சிம்பிள் பீப்பிள்'னுவாங்க, வெளிய ரெண்டு கார் நிக்கும். பூன் லேல கேட்டா எல்லாமே இருக்குன்னுவாங்க லா."

பையில் இரண்டு ஜோடி காலுறை வைத்திருப்பார். பளிங்குத் தரை வீட்டுக்கு வெள்ளை, மற்ற வீட்டுக்குக் கறுப்பு. வெறுந்தண்ணீர் தவிர எதையும் எங்கும் குடிக்கமாட்டார். பூன் லேயில் ஒரு பெரியவர் மூடியிருந்த அறையைக் காட்டி, "உள்ள ஒரு ஏர்கான் இருக்கு" என்றாராம். அந்த ஜன்னலுக்கு வெளியே பெட்டியே இல்லை என்பதை லாசரஸ் கீழேயே எண்ணித் தெரிந்துகொண்டுதான் போயிருக்கிறார்.

"அப்புறம் என்ன எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுன்னு எழுதினேன். அவங்க சொல்றதைத்தான் எழுதணும். மூடின கதவைத் திறங்கன்னு கேக்கக் கூடாது, அது ரூல்." பிறகு, "வீட்டுக்கு வந்தும் மனசு கேக்கலை" என்றார்.

அந்தக் கட்டைவிரல்தான் போன மாதம் அவருடைய மகளின் கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்தது.

மனைவி இறந்த பிறகு அவருக்கு வீட்டில் லொரைன் மட்டும்தான். பாலிகிளினிக்கில் தாதி. கூட வேலை பார்க்கும் டெஸ்மண்டைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். டெஸ்மண்டின் வீடு சிராங்கூன் கார்டன்ஸில், இரண்டு மாடி. பேச்சுவார்த்தைக்குப் போனபோது பெண் பக்கமும் ஆள் வேண்டுமென்று என்னையும் அழைத்துப்போனார்கள். டெஸ்மண்டின் தாயார் பிலோமினம்மாள் கேக் தட்டோடு வந்தார். லாசரஸின் கண் அதற்குள் சுவரில் இருந்த ஏர்கான்களுக்கு ஏறிவிட்டது. விரலும் நகர ஆரம்பித்துவிட்டது.

"என்ன அண்ணே, எங்க வீட்டை எண்ணுறீங்களா?" என்றார் பிலோமினம்மாள். "எத்தனை வருது?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சிரித்து மழுப்பியிருக்கலாம். லாசரஸ், "கீழ நாலு. மேல பாக்கலை" என்றார்.

கேக்கை யாரும் தொடவில்லை. "யோசிச்சுச் சொல்றோம்" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கே அவர்மேல் எரிச்சலாக வந்தது. லொரைன் மூன்று வாரம் அப்பாவோடு பேசவில்லை. பிறகு, பெண் வீட்டை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக அங்கிருந்து செய்தி வந்தது.

அவர்கள் வந்த ஞாயிறு நானும் இருந்தேன். லாசரஸுடையது மூவறை வீடு. ஏர்கான் ஒன்றே ஒன்று, லொரைனின் அறையில். அந்தக் கதவை விரியத் திறந்து குளிரைக் கூடத்துக்கு விட்டிருந்தாள். பழைய சாமான்களை எல்லாம் அப்பாவின் அறைக்குள் தள்ளி அந்தக் கதவைச் சாத்தியிருந்தாள்.

"அப்பா, ரூம் கதவைத் திறக்காதீங்க. கை பாக்கெட்லயே இருக்கட்டும். பிளீஸ்."

டெஸ்மண்டும் தாயாரும் வந்து உட்கார்ந்தார்கள். பிலோமினம்மாள் நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். திறந்திருந்த அறைக்குள் பார்வை போனபோது அவருடைய கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் உட்கார்ந்தது. வேண்டுமென்றேதான். லாசரஸும் கவனித்தார். அடுத்து அந்த அம்மாள் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். கட்டைவிரல் இரண்டாவது கணுவுக்கு நகர்ந்து அங்கேயே நின்றது. காப்பித் தட்டோடு வந்த லொரைன் அந்தக் கதவை மறைத்தாற்போல் நின்றுகொண்டாள். அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அது அப்பா ரூம், ஆன்டி" என்றாள்.

லாசரஸ் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தார். எழுந்து போய், மகளின் தோளைத் தொட்டு ஒதுக்கிவிட்டுக் கதவைத் திறந்தார். கட்டில், கால் உடைந்த நாற்காலி, அட்டைப் பெட்டிகள், அறையைச் சுற்றித் தலையை ஆட்டிக்கொண்டிருந்த ஒரு மேசை விசிறி. விசிறிக் காற்றில் கதவு மறுபடி சாத்திக்கொள்ளப் பார்த்தது. வாசலுக்குப் போய்த் தன் வேலைச் சப்பாத்தில் ஒன்றை எடுத்துவந்து அதற்கு முட்டுக் கொடுத்துவிட்டு, சற்று விலகி நின்றார்.

பிலோமினம்மாளின் கட்டைவிரல் முதல் கணுவுக்கே திரும்பி வந்தது. பிறகு அவர் விரல்களை விரித்து, அதே கையைக் காப்பிக்காக லொரைனிடம் நீட்டினார்.